குன்னூர் எலியும் ஒரு பேனும்

வயது வந்த ஒருவரின் மண்ணீரலை வெட்டி ஸ்லைடு போட்டுப் பார்க்கும்போது மெகாகாரியோசைட் என்ற பெரிய செல்கள் கண்ணில் பட்டால் பத்தாலஜிஸ்ட் நிமிர்ந்து உட்காருவார். எலும்பு மஜ்ஜையில் இருக்க வேண்டிய சரக்கு இங்கே எப்படி வந்தது? மஜ்ஜை கெட்டுப்போய், ரத்தம் உண்டாக்கும் வேலை மண்ணீரலுக்கு இடம் மாறிவிட்டதா? அடுத்தடுத்த பரிசோதனைகளுக்குச் சீட்டு எழுதுவார். அதே செல்கள் சுண்டெலியின் மண்ணீரலில் தெரிந்தால் அதற்காக யாரும் சீட்டு எழுத வேண்டியதில்லை. சுண்டெலிக்கு ஆயுள் முழுக்க மண்ணீரலிலும் ரத்தம் ஊறும். அதன் உடம்பே அப்படி.

இப்படி இன்னும் எத்தனையோ உண்டு. சுண்டெலியின் நுரையீரல் சிரைகளைச் சுற்றி இதயத் தசை ஓடும். அதன் இரைப்பையில் முன்பாதிக்குத் தோல் மாதிரி தடித்த உள்வரி இருக்கும். பால் சுரப்பிகள் ஐந்து ஜோடி, கழுத்தில் தொடங்கித் தொடை இடுக்கு வரை. அதனால் தோள்பட்டை ஓரம் ஒரு கட்டி எழும்பினால் அது மார்பகப் புற்றாகக்கூட இருக்கலாம். சிறுநீரக வடிமுடிச்சைச் சுற்றியுள்ள உறையின் செல்கள் மனிதரில் தட்டையாக இருக்கும். ஆண் சுண்டெலியில் சதுரமாக நிற்கும். மனித நோயாளிகளின் ஸ்லைடுகளை இருபது வருடம் பார்த்துத் தேறிய கண்ணையும் இவை ஏமாற்றிவிடும். அந்த அனுபவமே குழிபறிக்கும் என்றுகூடச் சொல்லலாம். புதிதாகப் படிக்க வந்த பிள்ளை சந்தேகப்பட்டுப் புத்தகத்தைப் புரட்டும், பெரிய டாக்டர் புரட்ட மாட்டார்.

ஆகவே இதைத் தனியாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற கடலோர ஊரில், 1929இல் சி.சி. லிட்டில் தொடங்கிய ஜாக்சன் ஆய்வுக்கூடம் உலகத்துக்கே சுண்டெலி வளர்த்து அனுப்புகிறது. மனித நோய்களுக்கு மாதிரியாக வளர்த்த சுண்டெலிகளின் உடலை எப்படிப் படிப்பது என்று பத்தாலஜிஸ்டுகளுக்கு அங்கே வகுப்பும் நடக்கிறது. இந்தப் படிப்பில் பெரிய பகுதி மனித நோயைப் பற்றியதே அல்ல, எலிக்குச் சொந்தமான நோயைப் பற்றியது. சி57 பிளாக் 6 என்ற கறுப்புச் சுண்டெலிக்குச் சொறிந்து சொறிந்து தோல் புண்ணாகும் வியாதி தானாகவே வரும். எஃப்விபி ரகத்துக்குப் பிறந்து சில வாரத்திலேயே விழித்திரை அழிந்துவிடும். டிபிஏ ரகத்துக்கு இதயத்தில் சுண்ணாம்பு படியும். ஏகேஆர் ரகம் ரத்தப் புற்றில் போகும். ஒரு ஜீனை நீக்கிவிட்டு, எஃப்விபி எலிக்குக் கண் தெரியவில்லை, அந்த ஜீன்தான் பார்வைக்கு ஆதாரம் என்று ஒருவர் எழுதினால், அவர் கண்டுபிடித்தது ஜீனை அல்ல, எஃப்விபியை.

நம் நாட்டில் இந்தப் பாடம் எங்கே பிறந்தது என்று கேட்டால் நான் குன்னூரைத்தான் காட்டுவேன். காலம் 1929. அங்கே இருந்தது சுண்டெலி அல்ல, அதைவிடப் பெரிய வெள்ளை எலி. கற்றுக்கொண்டவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர். கற்றுக்கொடுத்தது ஒரு பேன்.

ஏற்காட்டில், அதிலும் தலைச்சோலையில் உட்கார்ந்துகொண்டு நீலகிரிக் கதையை எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு. குளிர் எங்கள் மலையிலும்தான் இருக்கிறது. காப்பித் தோட்டமும் வெள்ளைக்கார பங்களாவும் இங்கேயும் இருந்தன. ஆனால் சேர்வராயன் மலைக்கு ரயில் ஏறவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கர ரயில் 1899இலேயே குன்னூரைத் தொட்டுவிட்டது. நாய்க்கடி பட்டவர்களைத் தென்னாட்டின் நாலு மூலையிலிருந்தும் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய ஒரு நிலையத்துக்கு ரயில் பெரிய விஷயம். அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் கர்சன் பிரபுவிடம் கொடுத்த நன்கொடையில் ஒரு பங்கைக் கொண்டு, 1907இல் சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே பாஸ்டர் நிலையம் எழுந்தது. வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி தயாரிப்பது அதன் வேலை.

அந்த நிலையத்தில் ஒரே ஓர் அறையை வாங்கிக்கொண்டு 1918இல் உட்கார்ந்தவர் ராபர்ட் மெக்காரிசன். அயர்லாந்தின் வடக்குப் பகுதிக்காரர், ராணுவ மருத்துவ அதிகாரி. அதற்கு முன் கில்கிட் பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலையை ஆராய்ந்தவர்; கழலை வரவழைக்கும் என்று சந்தேகப்பட்ட தண்ணீரைத் தானே குடித்துப் பார்த்த மனிதர். குன்னூரில் அவர் எடுத்துக்கொண்டது பெரிபெரி. தீட்டிய அரிசியே கதி என்று இருப்பவர்களுக்குக் கால் மரத்து, இதயம் வீங்கும் நோய் அது. முதலில் புறாக்களை வைத்துப் பார்த்தார். பிறகு வெள்ளை எலிகள் வந்தன. இன்றைக்கு ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தன் விஸ்டார் எலி வம்சத்தின் தொடக்கத்தை 1920 என்றே குறிக்கிறது. மரபணு கலையாமல் அடைத்தே வளர்த்த வம்சம். நூறு வருடத்தைத் தாண்டிவிட்டது.

மெக்காரிசன் செய்த ஒரு சோதனையை நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் நெளிந்துகொண்டுதான் படிக்க வேண்டும். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடுவதை அப்படியே சமைத்து எலிக் குட்டிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார். சீக்கியர் கூட்டத்துக்கு முழுக் கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், பால், முளைகட்டிய கடலை, பச்சைக் காய்கறி, எப்போதாவது எலும்போடு கறி. மதராஸிக் கூட்டத்துக்குக் கழுவிக் கழுவிச் சத்தை இறைத்த தீட்டிய அரிசிச் சோறு, பருப்பு, கொஞ்சம் காய், கொஞ்சம் மோர், கொஞ்சம் தேங்காய், சர்க்கரை போட்ட காப்பி. குட்டிகள் வளர்ந்ததும் எடை போட்டார்கள். சீக்கியர் எலி முதலில் நின்றது. பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி என்று வரிசை இறங்கி, கடைசியில் நின்றது நம் ஆள். காப்பி குடித்த எலி!

இங்கிலாந்து ஏழைகளின் சாப்பாட்டையும் விடவில்லை அவர். வெள்ளை ரொட்டி, மார்கரின், டப்பா இறைச்சி, ஜாம், சர்க்கரை போட்ட டீ. அந்த எலிகள் குட்டையாயின, எரிச்சல் பிடித்தவையாயின, இரண்டு மாதம் ஆகும்போது பலவீனமானவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. எங்கள் மலைக்கும் இதில் தூரத்து உறவு ஒன்று உண்டு. கேழ்வரகு போன்ற சிறுதானியங்களையும் மெக்காரிசன் எலிக்குப் போட்டுப் பார்த்தார். கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியின் விஸ்வநாத்தோடு சேர்ந்து, எரு போட்ட நிலத்துத் தானியத்துக்கும் உரம் போட்ட நிலத்துத் தானியத்துக்கும் சத்தில் என்ன வித்தியாசம் என்று 1926இல் எழுதினார். களியும் சாமைச் சோறும் தின்று வளர்ந்த சேர்வராயன் மலைப் பழங்குடிகளான மலையாளிகளின் பெயரில் ஒரு கூண்டு வைத்திருந்தால் வரிசையில் எங்கே நின்றிருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை. யாரும் வைக்கவில்லை.

இவற்றில் பத்தாலஜிஸ்டுக்கு உரிய பகுதி போஸ்ட்மார்ட்டம். செத்த எலி ஒவ்வொன்றையும் மெக்காரிசன் அறுத்துப் பார்த்தார். நல்ல சாப்பாடு சாப்பிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளில் கிட்டத்தட்ட ஒரு நோயும் இல்லை. குறைச் சாப்பாட்டு எலிகளில் நிமோனியா, காதில் சீழ், இரைப்பைப் புண், சிறுநீர்ப்பையில் கல், கழலை என்று பட்டியல் நீண்டது. 1936இல் லண்டனில் ராயல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸில் அவர் இதைச் சொன்னபோது பெரிய பரபரப்பு. இன்றும் இயற்கை உணவுக்காரர்கள் அந்தப் பட்டியலை மந்திரம் மாதிரி ஒப்பிப்பார்கள்.

எனக்கு அந்தப் பட்டியலில் முதல் இரண்டு பெயர்களைக் கண்டால் உறுத்தும். நிமோனியா, காதுச் சீழ். அந்தக் காலத்து எலிப் பண்ணைகளில் இவை இரண்டும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியால் வரும் ஓயாத தொல்லை என்று பின்னாளில் தெரிந்தது. குட்டி தாயிடமிருந்தே அதை வாங்கிக்கொள்ளும்; வெளிக்குத் தெரியாமல் மூக்கிலும் நடுக்காதிலும் வைத்திருக்கும்; உடம்பு தளர்ந்தால் நுரையீரலுக்கு இறங்கிவிடும். ஏ வைட்டமின் குறைந்தால் மூக்கு முதல் நுரையீரல் வரை உள்ள மென்சவ்வு கெட்டு, கிருமிக்கு வழி சுலபமாகும். ஆகவே மெக்காரிசன் கண்டது பொய் இல்லை. சாப்பாடு குறைந்தால் நிமோனியா வந்தது உண்மை. ஆனால் அந்த நிமோனியாவில் எவ்வளவு சாப்பாட்டின் கணக்கு, எவ்வளவு எலியின் சொந்தக் கணக்கு? இந்தக் கேள்வியை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. சத்துக் குறைவு நோயை வரவழைக்கிறது என்று காட்டும் வேகத்தில் இருந்த மனிதரிடம் அதை எதிர்பார்ப்பதும் அதிகம்தான்.

அவர் வேலைக்கும் ஒருமுறை பூட்டுப் போட்டார்கள். செலவைக் குறைக்கச் சொன்ன இன்ச்கேப் கமிட்டியின் கத்தரி 1923இல் குன்னூர் வரை எட்டியது. 1925இல் திரும்பத் திறந்து, 1928இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் என்ற பெரிய பெயர் வந்தது. அடுத்த வருடமே லூசி வில்ஸ் மலையேறினார்.

வில்ஸ் 1888இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் படித்தவர், லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் நோயியல் வேலை பார்த்தவர். பம்பாயில் பிரசவச் சாவுகளை ஆராய்ந்துகொண்டிருந்த டாக்டர் மார்கரெட் பால்ஃபோர் கூப்பிட்டு 1928இல் இந்தியா வந்தார். லேடி டாட்டா நினைவு அறக்கட்டளை பணம் கொடுத்தது. பம்பாயின் ஏழை முஸ்லிம் பெண்களுக்குக் கர்ப்பத்தின்போது ஒரு கொடிய ரத்தசோகை வந்துகொண்டிருந்தது. சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, உருவத்தில் ஊதிப் பெரிதாகியிருக்கும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் அணுக்கள் சிறுத்துப்போகும், இது அதற்கு நேர் எதிர். வில்ஸ் அந்தப் பெண்களின் அடுப்படி வரைக்கும் போய் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். காய், பழம், பால், கறி எல்லாமே அபூர்வம்.

மிச்சத்தை எலி சொல்லட்டும் என்றுதான் குன்னூர் வந்தார். கர்ப்பிணி எலிகளுக்குப் பம்பாய்ப் பெண்களின் சாப்பாட்டைக் கொடுத்தார்; பி வைட்டமின் இல்லாத செயற்கை உணவையும் கொடுத்துப் பார்த்தார். எலிகள் வெளிறின, குட்டி ஈனும் முன்பே செத்தன. ஈஸ்ட் சேர்த்தால் தப்பின. கர்ப்பிணிக்கு ரத்தசோகை, உணவில் குறை, ஈஸ்ட்டில் மருந்து: ஒரு ஆராய்ச்சியாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? பத்தாலஜி தெரியாத ஒருவராக இருந்திருந்தால் அன்றைக்கே கட்டுரை எழுதி லண்டனுக்குத் தபாலில் போட்டிருப்பார்.

அந்த எலிகளின் ரத்தத் துளியைக் கண்ணாடியில் இழுத்து, சாயம் ஏற்றி, சிவப்பணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் அணுவின் மேலேயே நுணுக்கமான குச்சிகள் ஒட்டியிருக்கும். பார்ட்டொனெல்லா என்ற கிருமி. எலிப் பேன் கடித்து ஒரு எலியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுவது. எலி நாக்கால் நக்கித் துடைக்க எட்டாத கழுத்து, தோள் பக்கத்து முடியில் அந்தப் பேன் தங்கும். ஈரை முடியோடு ஒட்டவைக்கும். கூண்டைக் குனிந்து பார்ப்பவருக்கு எலி கொழுகொழுவென்று ஆரோக்கியமாகத்தான் தெரியும், ஏனென்றால் கிருமியை மண்ணீரல் காவல் காத்துக்கொண்டிருக்கிறது. ஒரு எலிக்கு ஆபரேஷன் செய்து மண்ணீரலை எடுத்துவிட்டால் சில நாளிலேயே கிருமி பெருகி, அணுக்கள் உடைந்து, எலி வெளுத்துச் சாகும். இது 1920களிலேயே கண்டுபிடித்த விஷயம்.

வில்ஸின் எலிகளுக்கு யாரும் மண்ணீரலை எடுக்கவில்லை. ஆனால் உணவு குறைந்தது, கர்ப்பமும் சேர்ந்தது, காவல் தளர்ந்தது. மண்ணீரல் முழுதாக உள்ள எலிக்கும் குறையுணவு கொடுத்தால் பார்ட்டொனெல்லா ரத்தசோகை வரும் என்று அவரும் அவரோடு வேலை பார்த்த மேத்தாவும் சேர்ந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் எழுதினார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பேன் கொண்டுவந்து தன் சோதனையைக் கெடுத்த கிருமியை மூடி மறைக்காமல், அதையே தலைப்பில் போட்டு ஒரு கட்டுரையாக்கினார்.

ஈஸ்ட் எலியைக் காப்பாற்றியது உண்மை. அது ரத்தத்தை உண்டாக்கிக் காப்பாற்றியதா, உடம்புக்குத் தெம்பு கொடுத்துக் கிருமியை அடக்கிக் காப்பாற்றியதா? எலியை வைத்துப் பதில் சொல்ல முடியாது. ஆகவே எலியை விட்டார். பம்பாய் ஹாஃப்கின் நிலையத்தில் செங்குரங்குகளுக்கு அதே சாப்பாட்டைக் கொடுத்தார். குரங்குக்கு வந்த ரத்தசோகை பெண்களுக்கு வந்ததைப் போலவே இருந்தது. மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு அதைத் தீர்த்தது. பீர் காய்ச்சும் ஈஸ்ட்டின் கழிவிலிருந்து எடுத்து ரொட்டியில் தடவித் தின்னும் கறுப்புப் பசை அது, விலையும் மலிவு. பெண்களுக்குக் கொடுத்தார், எழுந்து உட்கார்ந்தார்கள். 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் செய்தி வந்தது. அதே வருடத் தொடக்கத்தில் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில், இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில், அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைத் திருவல்லிக்கேணிக்காரர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

பெயர் தெரியாத அந்தச் சத்தைக் கொஞ்ச காலம் வில்ஸ் காரணி என்றே சொன்னார்கள். 1941இல் பசலை இனக் கீரையிலிருந்து பிரித்து எடுத்தபோது ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். 1945இல் செயற்கையாகச் செய்யவும் கற்றார்கள். இன்றைக்குக் கர்ப்பிணிகளுக்கு நர்ஸம்மா கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. 180 நாள் சாப்பிட வேண்டும். தலைச்சோலையிலும் அதே மாத்திரைதான், பம்பாயிலும் அதேதான். வாய் கசக்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் இங்கே நிறைய. அது வேறு கதை.

வில்ஸ் போன பிறகு குன்னூரில் மெக்காரிசன் 1935இல் ஓய்வு பெற்றார், அவர் இடத்துக்கு அய்க்ராய்ட் வந்தார். அரிசியை ஊறவைத்துப் புழுக்கிக் குத்தினால் பெரிபெரியைத் தடுக்கும் சத்து உள்ளேயே தங்கும் என்பதை அவர் காலத்தில் அளந்து எழுதினார்கள். நம் பாட்டிமார் காரணம் தெரியாமலே புழுங்கல் அரிசி வடித்தார்கள். இதை இவ்வளவோடு விடுகிறேன், ஏனென்றால் எலியிடம் பாடம் கேட்ட பத்தாலஜிஸ்ட் இனிமேல்தான் வருகிறார்.

ஸ்ரீகாகுளத்தில் 1921இல் பிறந்து, விசாகப்பட்டினத்தில் மருத்துவம் படித்த வுலிமிரி ராமலிங்கசுவாமி 1947இல் குன்னூரில் பத்தாலஜிஸ்டாகச் சேர்ந்தார். வயது 26. ஆஸ்பத்திரிப் பிரேத அறையில் மனித உடலை அறுத்துப் பழகிய கை, இப்போது எலியின் மேல். இடையில் ஆக்ஸ்ஃபோர்டு போய் 1951இல் முனைவர் பட்டம் வாங்கினார். அங்கே ஹியூ சின்க்ளேருடன் எடுத்துக்கொண்டது நம் ஊர்ப் பிள்ளைகளின் முழங்கையிலும் தொடையிலும் சொரசொரவென்று முள் முளைத்தாற்போல் வரும் தேரைத்தோல் நோய். ஏ வைட்டமின் குறைவா, கொழுப்பமிலக் குறைவா, எது காரணம்? இதை எலியின் தோலில் தேடினார்கள். கட்டுரை 1953இல் வந்தது.

இதில் இருக்கும் சிக்கலைக் கவனியுங்கள். பிள்ளையின் முழங்கையில் முடி எங்கோ ஒன்று, இங்கோ ஒன்று. வேர்க்குழி ஒவ்வொன்றும் அடைத்துக்கொண்டு முள்ளாக நிற்பதை விரலால் தடவியே சொல்லிவிடலாம். எலிக்கு உடம்பெல்லாம் முடி. எந்தக் குழி அடைத்திருக்கிறது என்று தடவிப் பார்க்கும் கதையே இல்லை. தோலை மெல்லிய சீவலாக எடுத்து, குழிவாயில் கெரட்டின் எவ்வளவு தடித்திருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில்தான் அளக்க வேண்டும். முடி விழுந்து முளைக்கும் சுற்றில் எலியின் தோலே தடித்தும் மெலிந்தும் மாறிக்கொண்டிருக்கும் என்பதால், எந்த வயது, உடம்பின் எந்தப் பக்கம், எந்தப் பருவம் என்பதையும் சேர்த்துக் குறித்தாக வேண்டும். மனிதத் தோல் நோய்ப் புத்தகம் எதிலும் இது இருக்காது.

ராமலிங்கசுவாமி 1954இல் குன்னூரை விட்டார். 1957இல் டெல்லி எய்ம்ஸின் பத்தாலஜி பேராசிரியர். பிறகு அதன் இயக்குநர். காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் உப்பு கொடுத்துக் கழலையைக் குறைத்துக் காட்டியதால்தான் பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரியும். ஆனால் எய்ம்ஸில் அவரும் எம்.ஜி. தேவும் செங்குரங்குகளுக்குப் புரதத்தைக் குறைத்துக் கொடுத்து, குவாஷியார்க்கர் என்ற புரதக் குறை நோய் கண்ட குழந்தையின் கல்லீரலிலும் குடலிலும் நடப்பதைப் படிப்படியாகப் பார்த்த வேலை குன்னூர்ப் பாடத்தின் நேர் வாரிசு. செத்த குழந்தையின் உடலில் நோயின் கடைசிப் பக்கம் மட்டுமே கிடைக்கும். முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டுமானால் விலங்குதான் கதி. படிக்கிறவருக்கு அந்த விலங்கின் பாஷை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பம்பாயிலும் ஒரு பத்தாலஜிஸ்ட் இதே வழியில் போய்க்கொண்டிருந்தார். டாட்டா நினைவு மருத்துவமனையின் கானோல்கர். அவர் எழுப்பிய இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தில் மார்பகப் புற்று அதிகம் வரும் ஐசிஆர்சி என்ற சுண்டெலி ரகமே உருவானது. அதே மையத்தின் கமல் ரணதிவேக்கும் அதில் பங்கு உண்டு. அங்கேதான் 1957இல் ஆய்வுக்கூட விலங்குகளுக்கென்று ஒரு தகவல் சேவையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு தொடங்கியது. அடுத்த வருடம், 1958இல், குன்னூர்க் கூடம் மூட்டை கட்டி ஐதராபாத் போயிற்று. எலிகளும் போயின. பம்பாய்த் தகவல் சேவையும் 1976இல் அதே ஐதராபாத் வளாகத்துக்கு வந்து சேர்ந்தது. எலிப் பராமரிப்பு ஊழியர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் அங்கே முறையாகப் பயிற்சி நடந்தது. எலியைப் பேன் இல்லாமல் வளர்க்கத் தெரிந்த ஆள் கிடைக்காவிட்டால் பத்தாலஜிஸ்ட் எவ்வளவு படித்தும் பயனில்லை என்று குன்னூரில் பட்டது அந்தப் பாடத்திட்டத்தை எழுதியவர்களுக்கு நினைவிருந்ததோ என்னவோ.

அந்தக் குன்னூர் வம்சத்தில்தான் 1996இல் ஒரு குண்டு எலி பிறந்தது. அடைத்து வளர்த்த வம்சத்தில் தானாக வந்த மரபு மாற்றம். டபிள்யூஎன்ஐஎன்/ஓபி என்று பெயர். ஓயாமல் தின்னும், ஓயாமல் தண்ணீர் குடிக்கும், குட்டி போடாது. சில ஒரு கிலோவையும் தாண்டும். சாதாரண விஸ்டார் எலி கால் கிலோ, அரைக் கிலோவில் நின்றுவிடும். பார் ஹார்பரில் 1949இல் கிடைத்த குண்டுச் சுண்டெலியை வைத்துத்தான் 1994இல் லெப்டின் என்ற பசியடக்கும் ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். ஐதராபாத் எலியில் லெப்டின் ஏராளமாகச் சுரக்கிறது, ஆனால் உடம்பு அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. நம் ஊர்க் குண்டு மனிதர்கள் பெரும்பாலோருக்கு உள்ள நிலையும் அதுதான் என்பதால் மாதிரி என்ற வகையில் இது பொருத்தமானது. நூறு வருடம் முன்பு சாப்பாடு போதாத இந்தியாவைப் படிக்க வந்த எலியின் பேரப்பிள்ளை, இப்போது சாப்பாடு மிஞ்சிய இந்தியாவைப் படிக்க உதவுகிறது.

குண்டு எலியின் சிறுநீரகம் பத்தாலஜிஸ்டின் மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வடிமுடிச்சுகள் தழும்பாகியிருக்கின்றன, குழல்களில் புரதக் கட்டிகள் உறைந்திருக்கின்றன, சுற்றிலும் அழற்சிச் செல்கள். மனித நோயாளிகளை மட்டும் பார்த்த கண்ணுக்கு இது சர்க்கரை நோயும் பருமனும் கெடுத்த சிறுநீரகம் என்று படும். அப்படியும் இருக்கலாம். ஆனால் வயதாகும் எலிகளுக்கு, ஆண் எலிக்கு இன்னும் அதிகமாக, சர்க்கரையே இல்லாமலும் இதே தோற்றத்தில் ஒரு சிறுநீரக நோய் வரும். வயிறுமுட்டத் தின்றால் சீக்கிரம் வரும். மருத்துவக் கல்லூரிகளில் எம்.டி. பத்தாலஜி முடித்து வருபவர் பெரும்பாலும் இந்த நோயின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவருக்கு இது தெரியும், ஆனால் மனிதரின் சர்க்கரைச் சிறுநீரகத்தை அவர் அதிகம் பார்த்திருக்க மாட்டார். இருவரையும் ஒரே மைக்ராஸ்கோப்பின் இரண்டு முனையில் உட்கார வைக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் குறைவு.

செய்ய வேண்டியது என்ன என்பது வில்ஸ் காலத்திலிருந்தே தெரிந்ததுதான். அதே ஈற்றில் பிறந்த, அதே பாலினத்து ஒல்லி எலி ஒன்றை, அதே அறையில், அதே வயது வரை வளர்த்து, அதன் சிறுநீரகத்தையும் வெட்ட வேண்டும். எது குண்டு, எது ஒல்லி என்ற சீட்டை மறைத்து ஸ்லைடுகளைக் கலந்து கொடுக்க வேண்டும். தழும்பை எண்ணி எழுதி முடித்த பிறகுதான் சீட்டைத் திருப்பிப் பார்க்கலாம்.